மொசார்ட்டா, மாமியார் தாலாட்டா?

கேள்வி: யாங்கோனில் இருக்கிறோம். மகன் 33 வாரத்திலேயே பிறந்து, சில நாள் இன்குபேட்டரில் இருந்தான். இப்போது 5 மாதம். மொசார்ட் இசை கேட்டால் மூளை வளரும் என்று வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க செல்போனில் போட்டுத் தூளிக்குள் வைக்கிறார். மாமியாரோ என்னைத் தாலாட்டுப் பாடச் சொல்கிறார். எனக்குக் குரலே கிடையாது. எது நல்லது?

பதில்: நான் மாமியார் கட்சி. முதலில் தூளியிலிருந்து போனை எடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் சத்தத்தைக் கூட்டத்தான் தோன்றும். பிஞ்சுக் காதுக்கு அவ்வளவு பக்கத்தில் அது ஆகாது. தூங்கும் குழந்தைக்குப் பாட்டும் தேவையில்லை.

மொசார்ட் கதை 1993இல் அமெரிக்காவில் கிளம்பியது. 36 கல்லூரி மாணவர்கள் அந்த இசையைக் கேட்டபின் ஒருவகைப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துபோனது. அந்த ஆய்வில் ஒரு கைக்குழந்தைகூட இல்லை! மீதியெல்லாம் சி.டி. விற்றவர்கள் கட்டிவிட்டது.

குறைமாதக் குழந்தைகளுக்கு இசை உதவுவது உண்மைதான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 272 குழந்தைகளைக் கவனித்தார்கள். பெற்றோருக்குப் பிடித்த பாட்டை நேரில் மெதுவாகப் பாடியபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானப்பட்டது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. பாடியவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள்; குழந்தையின் மூச்சைப் பார்த்துப் பாட்டின் வேகத்தை மாற்றுவார்கள். போனுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

மகன் பால் குடித்துத் தெளிவாக விழித்திருக்கும்போது மடியில் போட்டு, முகம் பார்த்துப் பாடுங்கள். ஒரு வரி பாடி நிறுத்துங்கள். 'ங்கா' என்பான், காலை உதைப்பான். அதன்பிறகு அடுத்த வரி. பேச்சுக்கு அடிப்படையே இந்த மாறி மாறிப் பேசுவதுதான். முகத்தைத் திருப்பினாலோ விரல்களை விரித்து விறைத்தாலோ போதும் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். தமிழ்த் தாலாட்டு, பர்மியப் பாட்டு, எதுவானாலும் சரி. சுருதி விலகினால் அவன் கோபிக்க மாட்டான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. 7 வாரம் முன்னால் பிறந்ததால் அவன் வளர்ச்சியை மூன்றரை மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த வயதில் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும், உங்கள் குரல் கேட்டதும் அமைதியாக வேண்டும். குறைமாதம், கடும் மஞ்சள் காமாலை, சில ஆன்டிபயாடிக் ஊசிகள் எல்லாம் காதைப் பாதிக்கலாம். பிறந்தபோது செவித்திறன் சோதனை செய்யவில்லை என்றால், அவன் நன்றாகச் சிரித்து விளையாடினாலும் இந்த மாதமே குழந்தை மருத்துவரிடம் சொல்லிச் செய்துவிடுங்கள்.