கை தாண்டிப் போகிறதே!

கேள்வி: 46 வயதில் மாதுங்காவில் வயலின் கற்கிறேன். இரண்டாம் தந்தியிலேயே மேல் சட்ஜத்துக்கு (மேல் 'ஸ'வுக்கு) கையை நகர்த்தினால் தாண்டிப் போகிறது. இடம் தெரிய, தந்திக்குக் கீழே பலகையில் பென்சில் கோடு போடலாமா?

பதில்: வேண்டாம். நானும் போட்டேன், கண் விழித்துக்கொண்டது, காது தூங்கிவிட்டது. மேல் சட்ஜம் தந்தியின் சரிபாதியில், மேல்முனைக்கும் குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) நடுவில் இருக்கிறது. அங்கே அழுத்தாமல் விரலை லேசாக வைத்து வில் போடுங்கள். புல்லாங்குழல் போல நாதம் வந்தால் அதுதான் இடம். அப்புறம், விரலைத் தூக்காமல் அழுத்தத்தை மட்டும் குறைத்து, கட்டைவிரலையும் கூட்டிக்கொண்டு நகருங்கள். பலர் அதைப் பின்னாலேயே விட்டுவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கையில் வயலினின் சுருள்தலை (கழுத்தின் நுனி) கணுக்காலில் நிற்கிறது, கைக்குத் தாங்குகிற வேலை இல்லை, பிடி எதற்கு? மும்பை மழைக்காலத்தில் வயலின் கழுத்து வேறு பிசுபிசுக்கும். பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட்டு உட்காருங்கள்.