மனிதர்கள் நீண்ட காலம் வாழ்ந்தால் ஓய்வு வயது ஏன் ஏறுகிறது?

ஓய்வு வயது என்பது அரசு ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்கத் தொடங்கும் வயது. ஜெர்மனி 1889-ல் சட்டம் கொண்டுவந்தபோது அது 70. பிறகு 1916-ல் 65 ஆனது. இப்போது படிப்படியாக 67-ஐ நோக்கி ஏறுகிறது. டென்மார்க் ஆயுளோடு ஓய்வு வயதையும் சேர்த்தே கட்டிவிட்டது. 2040-ல் அங்கே 70 ஆக வேண்டும் என்று 2025-ல் சட்டம் நிறைவேறியது.

காரணம் பணம் வரும் வழி. இதை மொய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வைத்த மொய் அந்தக் கல்யாணத்திலேயே செலவாகிவிடும்; உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள் புதிதாக வைக்க வேண்டும். அதேபோல இன்றைய ஓய்வூதியத்தின் பெரும்பகுதி இன்று உழைப்பவர்களிடமிருந்துதான் வருகிறது. வாங்குபவர்கள் கூடுதல் ஆண்டுகள் வாழ, பிறப்பும் குறைந்தால், வைப்பவர்கள் போதாது. ஓய்வு வயதை ஏற்றினால் வைக்கும் ஆண்டுகள் கூடும், வாங்கும் ஆண்டுகள் குறையும்.

ஆனால் எல்லா உடம்பும் ஒன்றல்ல. கணினி முன் உட்கார்ந்து 70 வரை வேலை பார்க்கலாம். பதினெட்டு வயதிலிருந்து செங்கல் சுமந்தவரிடம் அதையே கேட்பது அநியாயம். சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற டென்மார்க்கில் தனி ஏற்பாடு இருப்பது அதனால்தான். நடுவயதில் வேறு தொழில் கற்கவும், கடைசி ஆண்டுகளில் பாதி நேரம் மட்டும் உழைக்கவும் வழி வேண்டும்.

அப்புறம், பழைய காலத்தில் சராசரி ஆயுள் 40 என்றால் எல்லோரும் நாற்பதிலேயே இறந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஏராளமான குழந்தைகள் இறந்ததே அந்தச் சராசரியைக் கீழே இழுத்தது.