சூரிய மின்சாரம் வந்தும் சிமெண்ட் ஆலையின் உமிழ்வு குறையாதது ஏன்?

வணக்கம். உங்கள் சிமெண்ட் ஆலை சூரிய மின்சாரத்துக்கு மாறிய பின்னும் கரியமில வாயுக் கணக்கு ஏறத்தாழ அப்படியே நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அது கணக்குப் பிழையன்று. வெளியேறும் வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது, சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும் வேதிவினையிலிருந்தே வருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்காக எரிக்கும் எரிபொருளுடையது. மின்சாரத்தின் பங்கு சிறிது. ஆகவே சூளையில் சுட்டெடுத்து, பின் சிமெண்டாக அரைக்கும் கிளிங்கர் என்னும் இடைப்பொருளைக் குறைப்பதே முதல் வழி என்பேன்: அதில் ஏறத்தாழ பாதியை, சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் கொண்டு ஈடுசெய்யும் எல்சி3 சிமெண்ட், உமிழ்வை 40 சதவீதம் வரை குறைக்கக்கூடியது, இதற்கென 2023 இல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. நார்வேயின் பிரெவிக் ஆலையைப் போல ஆண்டுக்கு 4 லட்சம் டன் வாயுவைப் பிடித்துக் கடல்தரைக்கு அடியில் சேமிப்பதும் இயலும். ஆனால் செலவு மிக அதிகம். ஆகவே எல்சி3-க்கு ஏற்றதாக, அருகில் கிடைக்கும் களிமண்ணில் கயோலினைட் என்னும் களிமண் கனிமம் 40 சதவீதமாவது உள்ளதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள்.