கட்டுரைகளைக் கோத்தால் ஆய்வேடு ஆகுமா?

அல்சூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பெங்களூரிலேயே நீர் வேதியியலில் பிஎச்.டி., ஐந்தாம் ஆண்டு. இரண்டு கட்டுரைகள் ஆய்விதழ்களில் வந்துவிட்டன, மூன்றாவது ரிவ்யூவில் இருக்கிறது. ஆனால் தீசிஸில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கேட்டால், "வந்த பேப்பரையே தீசிஸா வைக்கலாம்ப்பா" என்கிறாளாம். டெக்சாஸில் இருக்கும் பெரியப்பாவோ, பெரிய பேருள்ள ஜர்னலில் ஒன்றாவது வராவிட்டால் பட்டத்துக்கு மதிப்பே இல்லை, காசு கட்டினால் போட்டுவிடுவார்கள் என்கிறாராம். கடன் வாங்கிக் கட்டட்டுமா என்று கேட்கிறார்.

உங்கள் பதற்றம் நியாயமானது ஐயா. ஆய்வு உதவித்தொகையில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலைக் கட்டம் இரண்டு வருடம், எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலைக் கட்டம் மூன்று வருடம், அதோடு ஃபெலோஷிப் நின்றுவிடும். ஆனால் கடன் பேச்சை இன்றோடு விடுங்கள்.

உங்கள் அண்ணன் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். நல்ல ஆய்விதழில் கட்டணம் என்பது கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வருவது. அது ஏற்பை வாங்கித் தராது. காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்புகிறவை போலி இதழ்கள். அவற்றில் வந்த கட்டுரை நாளைக்கு நேர்காணலில் அவள் காலையே வாரிவிடும். யாரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையைத் திறந்து வைக்க 'நேச்சர்' இதழ் 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். 42,000 ரூபாய் எஸ்.ஆர்.எஃப். வாங்கும் பெண்ணுக்கு அது சுமார் இருபது மாத வருமானம். சந்தா முறையில் வரும் மதிப்பான இதழ்கள் பலவற்றில் எழுதுகிறவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. வீட்டுப் பணம் இதில் இறங்கவே கூடாது.

இனி, வந்த பேப்பரையே தீசிஸாக வைக்கலாம் என்று மகள் சொல்லும் அந்தக் 'குறுக்குவழி'. ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் அறிவியல் துறைகளில் ஆய்வேடு இப்படித்தான் பெரும்பாலும் வருகிறது: சில கட்டுரைகள், அவற்றுக்கு முன்னால் ஒரு நீண்ட தொகுப்புரை. நம் ஊரில் இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அவள் பதிவு செய்த ஆண்டின் பிஎச்.டி. விதிகளை எடுத்து வைத்து, அச்சான கட்டுரையை அப்படியே அத்தியாயமாக வைக்கலாமா, எத்தனை வேண்டும், எத்தனையில் அவள் முதல் ஆசிரியராக இருக்க வேண்டும், பதிவுக்கு முன் வந்தது கணக்கில் வருமா என்று வரி வரியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

உண்மையான உழைப்பு தொகுப்புரையில்தான். அவளுடைய சுருக்கங்களைப் படித்தேன். முதல் கட்டுரையில் ஏரி நீரில் பாஸ்பேட்டை அளக்கும் முறை; இரண்டாவதில் அடிவண்டல்; மூன்றாவதில் பருவ மாற்றம். முதல் கட்டுரைக்கான மாதிரிகள் எல்லாம் கோடையில் எடுத்தவை. மூன்றாவதில் மழைக்கால மாதிரி வந்ததும் பழைய முடிவு ஒன்று ஆட்டம் காண்கிறது. அச்சான கட்டுரையை ஆய்வேட்டுக்காக மாற்றி எழுத முடியாது. தொகுப்புரையில் அவளே அதை எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இதழில் வந்துவிட்டது என்பதற்காகத் தேர்வாளர் விட்டுவிட மாட்டார்.

அடுத்தது காகித வேலை. யார் எதைச் செய்தார்கள் என்று ஒவ்வொரு கட்டுரைக்கும் பங்களிப்பு அறிக்கை எழுதி, இணை ஆசிரியர்களின் கையெழுத்தை இப்போதே வாங்கிவிட வேண்டும். லேப் சீனியர், பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு (போஸ்ட்டாக்) ஜெர்மனி போய்விட்டால் பதில் வருவதற்குள் சப்மிஷன் தேதி தாண்டிவிடும். ஒரே கட்டுரையை இருவர் தங்கள் தீசிஸில் காட்டுவதாக இருந்தால், நெறியாளர் முன்னிலையில் இன்றே பேசித் தீர்க்க வேண்டும்.

பதிப்புரிமையும் உண்டு. எல்சேவியர் போன்ற பதிப்பகங்கள் ஆசிரியர் தன் கட்டுரையைத் தன் ஆய்வேட்டில் சேர்க்க அனுமதிக்கின்றன; மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். மின்பொறியியல் இதழ்களை வெளியிடும் ஐ.ட்ரிபிள்.ஈ.யோ, இணையத்தில் ஏறுவது அச்சுப் பிரதியாக இல்லாமல் ஏற்கப்பட்ட கைப்பிரதியாக இருக்க வேண்டும் என்கிறது. தீசிஸ் எப்படியும் சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் ஏறும், ஆகவே இது முக்கியம். பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் அவள் கட்டுரையே அவளுக்கு எதிராகச் சிவப்பில் வரும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரைதான் பிரச்சினை இல்லை. சொந்தக் கட்டுரையைக் கணக்கிலிருந்து நீக்கும் வழிமுறையையும், நெறியாளர் தர வேண்டிய சான்றையும் நூலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

வரலாறோ இலக்கியமோ படிக்கிற பிள்ளையாக இருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே வாதம் முந்நூறு பக்கம் ஓடியாக வேண்டும். உங்கள் மகள் எட்டுப் பக்கத்தில் ஒரு விஷயத்தைக் கச்சிதமாகச் சொல்கிறவள். அவளைத் தடித்த புத்தகம் எழுது என்று உட்கார வைத்தால் இன்னொரு வருடம் போகும், அதுவும் ஃபெலோஷிப் இல்லாமல். 2016 விதியில் ஒரு கட்டுரையாவது கட்டாயம் என்றிருந்ததை 2022 நவம்பரில் யுஜிசியே எடுத்துவிட்டது. கையில் இரண்டு வைத்திருப்பவளைப் பார்த்து மதிப்பில்லை என்று சொல்ல டெக்சாஸிலிருந்து யாருக்கும் உரிமை இல்லை. அண்ணனிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவளை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள்.

மூன்றாவது கட்டுரைக்காக, தீசிஸுக்கு முன் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைத் தள்ளிப்போட வேண்டாம். ஏற்கப்படாத கட்டுரையையும் கைப்பிரதியாகச் சேர்க்கலாமா என்று ரிசர்ச் செக்‌ஷனுக்கு மின்னஞ்சலில் கேட்கட்டும். கவுன்ட்டரில் கன்னடத்தில் "நோடோணா மேடம்" (பார்க்கலாம் மேடம்) என்று சொன்னதை நம்பித் திரும்பி வரக் கூடாது. பதில் எழுத்தில் வர வேண்டும், வந்ததும் ஒரு பிரதி நெறியாளர் கைக்குப் போக வேண்டும்.