கடலில் இரை குறைந்தால் விலங்கு மிதவை உயிரிகள் (நீரோடு மிதக்கும் சிறு விலங்குகள்) அதிகம் நீந்துமா, அடங்கிக் கிடக்குமா?

இரண்டும் நடக்கும். எந்த உயிரி, என்ன இரை என்று தெரிந்தால்தான் நேரான பதில் சொல்ல முடியும். சேலத்துக்காரன் கடலைப் பற்றிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறேன். கோப்பிபாட் (இறாலுக்கு உறவான நுண்ணிய மிதவை உயிரி) காட்ட எனக்கு ஏற்காடு ஏரித் தண்ணீரே போதும். அதில் இருப்பது கடல் இனத்தின் நன்னீர்ப் பங்காளி.

கடல் கோப்பிபாட்களில் நிறைய ஆராயப்பட்டது அகார்ஷியா டோன்சா. நீளம் ஒரு மில்லிமீட்டர் சுமார். இரை அற்ற நீரில் இது அடிக்கடி துள்ளி இடம் மாறும். பாசி செறிந்த அடுக்குக்குள் போனதும் துள்ளல் குறைந்துவிடும். வாயருகே உள்ள உறுப்புகளை அடித்து, சின்ன நீரோட்டம் உண்டாக்கி, பாசியைத் தன் பக்கம் இழுத்துத் தின்னும். பந்தியில் இலை போட்ட பிறகு எவராவது எழுந்து அலைவாரா? கடலில் உணவு ஒரே சீராகப் பரவிக் கிடப்பதில்லை, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதனால் கிடைத்த திட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பதே பிழைக்கும் வழி.

இரை டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி மாதிரி நகராததாக இருந்தால்தான் இந்த நீரோட்ட வேலை. சிலியேட் என்ற ஒற்றைச்செல் உயிரி மாதிரி நீந்தும் இரை நிறைய இருந்தால் அதே அகார்ஷியா உத்தியையே மாற்றிவிடும். நீண்ட உணர்கொம்புகளை விரித்தபடி அசையாமல் மெல்லக் கீழிறங்கும். இரை கிளப்பும் அதிர்வு கொம்பில் பட்டதும் பாயும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு ‘பாவம், பட்டினி’ என்று மாணவர்கள் எழுதுவார்கள். அது வேட்டையில் இருக்கிறது!

வயிறு நிரம்பினால் கதை வேறு. கிரில் என்ற இறால் போன்ற கடல் உயிரி தண்ணீரைவிடக் கனமானது, நீந்துகாலை அடித்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிற்கும். வயிறு நிரம்பியதும் அடிப்பதை நிறுத்திக் கீழே இறங்கிவிடுகிறது என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதில் லாபமும் உண்டு: நீந்தினால் நீர் அதிரும், அதிர்ந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். பசித்தவைதான் அந்த ஆபத்தைத் துணிந்து ஏற்கும்.

வீட்டிலேயே பார்க்க ஆசைப்பட்டு வண்ணமீன் கடையில் ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) முட்டை வாங்காதீர்கள். உப்புத்தண்ணீரில் ஒரு நாளில் பொரிந்துவிடும், பார்க்க அழகுதான். ஆனால் அது நீந்தும்போதே வடிகட்டித் தின்னும் பிராணி, நின்று தின்னும் பேச்சே இல்லை. பொரிந்த புதிதில் சேமித்த மஞ்சள் கருவில் பிழைக்கும், வாயே திறந்திருக்காது. போதாததற்கு வெளிச்சத்தை நோக்கி ஓடும். விளக்குப் பக்கம் திரண்டதை இரைக்காகத் திரண்டது என்று எழுதிவிடுவீர்கள். ஏரித் தண்ணீரையே எடுங்கள், வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருக்கட்டும்.