பாங்கோ வேன்: பின் ஹீட்டரில் குளிர்காற்று

ஹீட்டரைக் கழற்ற வேண்டாம். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றிய பிறகுதான் பின்பக்கம் குளிர்காற்று வருகிறது என்றால், பெரும்பாலும் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும்.

மாஸ்டா பாங்கோ ஃப்ரெண்டியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டர் முன்னால், பின் ஹீட்டர் வெகு தூரத்தில். இத்தனை நீளக் குழாயில், சும்மா ஊற்றி மூடினால் காற்று வெளியேறாது.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. அப்புறம் இரண்டு ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் குழாயை உயர்த்திப் பிடித்து, எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி நிற்கும்வரை மெல்ல நிரப்புங்கள். பொறுமை வேண்டும்.

குமிழி நிற்கவே இல்லையா? எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டோ, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டோ பழுதாகியிருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள். சூட்டுமானி முள் நடுவில் இருப்பதை நம்பாதீர்கள். கூலன்ட் குறைந்தால் அது உண்மைச் சூட்டைக் காட்டாது.