ஆட்டுத்தொடை ஒன்று, டிவிடி இரண்டு

கேள்வி: ஹிட்ச்காக்கின் பழைய தொலைக்காட்சித் தொடரில் வந்த 'லேம்ப் டு த ஸ்லாட்டர்' கதைக்காகவே ஆன்லைனில் ஒரு டிவிடி வாங்கினேன். கருப்பு வெள்ளையில் எப்போதோ பார்த்தது. வந்ததோ கலர், நடிகர்களும் வேறு. திருப்பி அனுப்புகிறேன் என்றால், "அதே கதைதானே சார்" என்கிறார் விற்றவர். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அதே கதைதான், அதில் அவர் பொய் சொல்லவில்லை. ரோல்ட் டால் எழுதிய அந்தக் கதையை இரண்டு தொடர்களில் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் தேடுவது 'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்' மூன்றாவது சீசனில், 1958 ஏப்ரல் 13 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. ஹிட்ச்காக்கே இயக்கியது. உங்கள் கைக்கு வந்தது அநேகமாக 1979-ல் பிரிட்டனில் வந்த 'டேல்ஸ் ஆஃப் தி அன்எக்ஸ்பெக்டட்'. மனைவியாக சூசன் ஜார்ஜ் நடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழையதில் பார்பரா பெல் கெடிஸ். விட்டுப் போகிறேன் என்ற போலீஸ்காரப் புருஷனை, ஐஸாக உறைந்த ஆட்டுத்தொடையால் ஒரே போடு. அப்புறம் அதையே ஓவன் அடுப்பில் வேகவைத்து, துப்பறிய வந்த போலீஸ்காரர்களுக்கே பரிமாறுவார். ஆயுதம் எங்கே போயிருக்கும் என்று அவர்கள் கறியை மென்றபடியே பேச, இவர் தனியே உட்கார்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கே காசு கொடுக்கலாம். கொலைகாரி தப்பிவிடக் கூடாதே என்று கடைசியில் ஹிட்ச்காக் வந்து, இரண்டாவது புருஷனையும் இதே வழியில் முடிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார் என்பார். அந்த ஆள் ஃப்ரீசருக்கு பிளக் போட மறந்ததில் கறி கொழகொழவென்று ஆகிவிட்டதாம்!

சரி, பணம். விற்பனைப் பக்கத்தில் ஹிட்ச்காக் பெயரோ 1958 என்றோ இருந்ததா? இருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். கதையின் பெயர் மட்டும்தான் இருந்தது என்றால், உங்கள் பக்கம் பலம் குறைவு. கடைக்காரரிடம் தன்மையாகப் பேசிப் பாருங்கள்.

மறுபடி வாங்கும்போது மூன்றாவது சீசன் பெட்டியையே கேளுங்கள். அதே தொடர் பெயரில் 1985-ல் வந்த கலர் தொடரும் உண்டு. 1980-லேயே இறந்துபோன ஹிட்ச்காக்கின் பழைய முன்னுரைகளுக்கு வண்ணம் பூசி அதில் சேர்த்தார்கள், முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்கப் பெட்டி என்றால் பின்னட்டையில் ரீஜன் 1 என்றிருக்கும் (எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் டிவிடி ஓடும் என்பதற்கான எண் அது). நம் ஊர் ரீஜன் 5. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.